பூக்கடை மேசையும் மஞ்சள் கோடும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறவர்களிடம் நடைபாதையைப் பற்றிப் பேச்சை எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும். யார் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார், எந்தக் கடையின் மேசை எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது, தீபாவளிக் கூடாரங்கள் போட்டுவிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கு எந்த வழியாகக் கூட்டிப் போவது என்று ஆளுக்கு ஒரு குறை வைத்திருப்பார்கள். எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளில் பாதி இதுதான். படம் எடுத்துப் போடுவார்கள். கீழே நாலு பேர் கோபப்படுவார்கள். யாராவது ஒருவர் புகார் கொடுத்துவிட்டேன் என்பார். நானும் அந்தக் கட்சிதான். நடைபாதை நடப்பதற்கு, வேறு எதற்கும் இல்லை என்று பல தடவை எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதில் பெரும்பகுதியை நம்புகிறேன். ஆனால் சென்ற ஆண்டு ஒரு காலை நேரத்தில் பார்த்த ஒரு விஷயம் அந்தக் கருத்துக்குள் புகுந்துகொண்டு வெளியே போக மறுக்கிறது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதன் பயிற்சி நிலையத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள், தொழில் கற்றார்கள், அப்படியே இங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார்கள். அதனால் வெள்ளைத் தடி இங்கே யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. காலையில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே அந்தத் தடியின் சத்தம் தனியாகக் கேட்கும். சிமெண்டில் ஒரு சத்தம், டைல்ஸில் ஒரு சத்தம், லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய் மேல் போட்ட இரும்புக் கம்பியில் இன்னொரு சத்தம். கம்பிச் சந்துக்குள் தடியின் நுனி மாட்டிக்கொண்டால் நடை சட்டென்று நின்றுவிடும். நுனியை இழுத்து எடுத்து, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி வலம் இடம் என்று வீசத் தொடங்குவார்கள்.

நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கோடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் இரண்டு வகைக் கல் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நீளக் கோடுகள் எழும்பியிருந்தால் நேராக நடக்கலாம் என்று பொருள். வட்டக் குமிழ்கள் இருந்தால் நில், முன்னால் ரோடோ படியோ திருப்பமோ வருகிறது. ஜப்பானில் செய்இச்சி மியாக்கே என்பவர் 1965-இல் இதைக் கண்டுபிடித்தார். 1967-இல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலாகப் பதித்தார்கள். பாதம்தான் படிக்க வேண்டும் என்று தெரிந்து செய்த எழுத்து அது. அந்த எழுத்தின் மேல்தான் எங்கள் தெருவில் மோட்டாரை நிறுத்துகிறார்கள். உணவு கொண்டுபோகும் பையன்கள் அவசரத்தில் நிறுத்துகிறார்கள், வங்கிக்கு வந்தவர்கள் ஐந்து நிமிஷம்தானே என்று நிறுத்துகிறார்கள். தடி மோட்டாரின் சக்கரத்தைத் தொடும். ஆனால் கைப்பிடி மார்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தடி சொல்லாது. விலா எலும்பில் கன்றிப்போன தழும்போடு வேலைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

அவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மசாஜ் செய்கிறவர். அறுபதை நெருங்குகிறார். வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொள்ளும் எனக்கு, மாதத்துக்கு ஓரிரு முறை அவர் கைதான் கதி. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் பயிற்சிக்காக இங்கே வந்தவர், திரும்பிப் போகவில்லை. தோளை அழுத்திக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். அந்தக் கதைகளை வைத்துத்தான் எனக்கு இந்த இடத்தின் பழைய சித்திரம் கொஞ்சமாவது தெரியும்.

காலில் இருக்கும் வரைபடம்

வேலைக்குப் போகும் வழியை அவர் ஒருமுறை எனக்குச் சொன்னார். ஒரு தெருப்பெயர்கூட அதில் இல்லை. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாராம். அப்புறம் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைவழியான அஞ்சடியில் ஏறினால் அச்சுக்கடையின் மை வாசம். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய்க்கு மாவை வீசும் தப் தப் சத்தம். வங்கி வாசலில் கதவு திறந்து மூடும்போது இடது கன்னத்தில் குளிர் அடிக்கும். பாட்டு கேசட் விற்ற காலத்திலிருந்தே பாட்டுப் போடும் ஒரு கடை, இப்போது அங்கே போன் உறை விற்கிறார்கள், ஆனால் பாட்டு நிற்கவில்லை, அது போதும். மோனோரயில் பாலத்துக்குக் கீழே வந்தால் சத்தமெல்லாம் தலைக்கு மேல் அடைபட்ட மாதிரி இருக்கும். அதைத் தாண்டியதும் மல்லிகைப்பூ வாசம், கூடவே தடியில் ஒரு மரக்கால் தட்டும். அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பி உள்ளே போனால் அவர் கடை.

அந்த மரக்கால் பூக்கார அக்காவின் மேசையுடையது. தகரம் போர்த்திய பழைய மர மேசை. மேலே உதிரிப்பூ, கட்டிய சரம், வெற்றிலை, கற்பூரம். கீழே மாலைகள் வைக்கும் ஐஸ் பெட்டி. அக்கா விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். பேசிக்கொண்டே கட்டுவார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பது கண்ணுக்கே பிடிபடாது. அங்கிள் திரும்பும்போது "வாங்கண்ணே" என்று ஒரு குரல் கொடுப்பார். அவரும் "வந்துட்டேம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு, பல வருஷமாக.

அஞ்சடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை முழுக்க அதில்தான். கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு ஒரு நடைவழி விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் 1822-இல் பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் போட்ட விதி. அது மலாயா நகரங்களுக்கும் பரவி, வெயிலுக்கும் சாயங்கால மழைக்கும் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் விதி எழுதிய காலத்திலிருந்தே அந்த நிழலில் யாரோ ஒருவர் எதையோ விற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நடக்கிறவனுக்கும் விற்கிறவனுக்கும் உள்ள இழுபறி அஞ்சடியோடு கூடவே பிறந்தது.

மேசை இல்லாத காலை

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்திலிருந்து புகார்கள் அதிகமாயின. புகார் கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஒரு கடிதத்தில் பார்வையற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றே காரணம் எழுதியிருந்தது. ஒருநாள் காலை அமலாக்க அதிகாரிகள் லோரியோடு வந்தார்கள். ஓரத்தில் இருந்த பழக்கூடைகள், துணி தொங்கவிடும் கம்பிகள், பூக்கார அக்காவின் மேசை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மோட்டார்களைத் தொடவில்லை. அது அவர்கள் வேலை இல்லையாம், வேறு பிரிவாம்.

நான் மோனோரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அஞ்சடி அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட மாதிரி காலி. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அப்போதுதான் அங்கிள் எதிர்ப்புறத்திலிருந்து வருவதைப் பார்த்தேன். வழக்கமான நடை, வழக்கமான வேகம். பூக்கடை இருந்த மூலை வந்தது. அவர் திரும்பவில்லை. நேராக நடந்தார். அடுத்த சந்தின் வாயில் ஒரு லோரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்த வேண்டிய கருவி அதில் வேலை செய்யவில்லை. நான் "அங்கிள், நில்லுங்க!" என்று கத்தினேன். அவர் அந்த இடத்திலேயே நின்றார். கால்களுக்கும் லோரிக்கும் நடுவில் நாலைந்து அடி இருக்கும். லோரிக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை, பாதையைப் பிடித்துப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் முதலில் கேட்டது லோரியைப் பற்றி இல்லை. "பூ எங்க தம்பி?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முழங்கையைக் கொடுத்தேன், அவர் பிடித்துக்கொண்டார், மூலைவரை திரும்பி நடந்தோம். அங்கே நின்று தடியால் தூணைத் தட்டிப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். கழுவிய தரையில் கிருமிநாசினி வாசம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தம்மா மேசை எனக்கு இடைஞ்சல்னு யாரு சொன்னா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். கடிதத்தில் அப்படி எழுதியிருந்ததைச் சொன்னேன். "என்னையக் கேட்டாங்களா? எங்க ஆளுங்க ஒருத்தரையாவது கேட்டாங்களா? நேத்து இருந்த சாமான் எனக்கு இடைஞ்சல் இல்ல தம்பி. நேத்து இல்லாதது இன்னைக்கு இருந்தாத்தான் இடைஞ்சல். நேத்து இருந்தது இன்னைக்கு இல்லாட்டி அதுவும் இடைஞ்சல்."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த மஞ்சள் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வேறு மாதிரி தோன்றுகிறது. காலியான பாதைதான் நல்ல பாதை என்று கண்ணால் பார்க்கிற நாங்கள் முடிவு செய்துவிட்டோம். எங்கள் கண்ணுக்குச் சுத்தம் தெரிகிறது. பாதத்தாலும் மூக்காலும் காதாலும் நடக்கிறவருக்குத் தெரு என்பது மாறாத சில பொருள்களின் வரிசை. அதில் ஒன்றை உருவினால் வரிசையே குலைந்துவிடுகிறது. அவர் கேட்பது இரக்கம் இல்லை, காலியிடமும் இல்லை. தெரு சொன்ன சொல்லில் நிற்க வேண்டும் என்கிறார்.

அந்தக் கோணத்தில் பார்த்தால் பிரிக்பீல்ட்ஸ் அவருக்கு எத்தனை தடவை சொல் தவறியிருக்கிறது! 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைத் தின்றபின் செங்கல்லில் ஊரைக் கட்டத் தொடங்கினார்கள், அதற்குச் செங்கல் சூளைகள் போட்ட இடம் இது. அப்புறம் ரயில்வே வந்தது, யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதெல்லாம் அங்கிளுக்கு முந்திய கதை. அவர் வந்தபோது இப்போது கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடத்தில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் பெரிய தளம் இருந்தது. பெட்டிகள் மோதிக்கொள்ளும் டமார் சத்தம் கேட்கும் பக்கம்தான் அவருக்கு அந்தத் திசை. 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது, அந்தத் திசை அழிந்தது. 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியது, ரோட்டோரம் புதுத் தூண்கள் முளைத்தன. 2010-இல் லிட்டில் இந்தியா என்று தோரணம் கட்டித் திறந்தார்கள். ரோடுகள் ஒருவழிப் பாதைகளாயின. ரோட்டைக் கடக்க அவர் கார் சத்தம் வருகிற பக்கத்தை நம்பியிருந்தார், அது ஒரே இரவில் புரண்டுபோனது. ரயில்வே ஊழியர்களுக்காக 1905-இல் கட்டிய நூறு வீடுகளும் இடிந்தன. அந்தப் பக்கம் நடக்கும்போது கோழிகளின் சத்தமும் மாமரத்துக் காற்றும் இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இடித்ததை எதிர்த்து அன்றைக்குப் பேசியவர்கள் பாரம்பரியம், கட்டடக்கலை என்று பேசினார்கள், அது சரிதான். வழி தொலைந்தவர்களைப் பற்றி யாரும் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை.

மூன்றடி

இதை நான் வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது நியாயமான ஒரு மறுப்பு வந்தது. எங்கள் அடுக்குமாடியில் சக்கர நாற்காலியில் போய்வரும் ஒரு அக்கா இருக்கிறார். "உங்க அங்கிளுக்குப் பூக்கடை வேணும், சரி. எனக்கு வழி வேணுமே" என்றார். அவர் சொல்வதும் உண்மை. மேசை அஞ்சடிக்கு நடுவே வந்துவிட்டால் அவர் ரோட்டில் இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் சரிவு இல்லையென்றால் வீட்டுக்கே திரும்ப வேண்டும். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை இந்த இரண்டு பேருக்கும்தான் கொடுத்தது. மீறுகிறவர்களுக்கு என்ன தண்டனை என்று மட்டும் அது இயற்றப்பட்டபோது எழுதவில்லை. உரிமை தாளில் இருக்கிறது, அஞ்சடியில் இல்லை.

இரண்டு பேரையும் நேரில் பேச வைப்பதுதான் சரி என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மூலையில் நின்றோம். அங்கிள், சக்கர நாற்காலி அக்கா, பூக்கார அக்கா, அளக்கும் டேப்போடு நான். பூக்கார அக்கா அபராதம் கட்டி மேசையை மீட்டுக்கொண்டு வந்திருந்தார், ஆனால் பயத்தில் ஒருநாள் தூணுக்கு இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அது அங்கிளுக்கு மேசையே இல்லாததைவிட மோசம். அளந்தோம். எங்கள் அஞ்சடி பெயருக்கு ஏற்ற மாதிரி சரியாக ஐந்தடிதான் இருந்தது. அக்காவின் மேசை இரண்டடி அகலம். தூணோடு ஒட்டிப் போட்டால் மூன்றடி மிச்சம். மூன்றடி என்றால் 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். அந்த அக்காவே இரண்டு தடவை போய்வந்து காட்டினார். ஐஸ் பெட்டி மேசைக்கு அடியில் போக வேண்டும், தொங்கும் மாலைகள் தலைக்கு மேல் நீட்டக் கூடாது, நாற்காலி தூணுக்குப் பின்னால். பத்து நிமிஷத்தில் மூன்று பேருக்கும் ஒத்துவந்தது. இத்தனை வருஷமாக இதை யாரும் செய்யவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. லோரி அனுப்புவதற்கு முன்னால் ஒரு டேப் அனுப்பியிருக்கலாம்.

இதை வைத்துக் கடைகளெல்லாம் விருப்பம்போல வெளியே வரலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கிளே அதைச் சொல்ல மாட்டார். மோட்டார் விஷயத்தில் எனக்கு இன்னும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. இன்று ஒரு இடத்தில், நாளை வேறு இடத்தில், அதுவும் மஞ்சள் கோட்டின் மேலேயே நிற்கும் மோட்டாருக்குச் சம்மன் கொடுக்கத்தான் வேண்டும். ஐந்து நிமிஷம் என்பது வழி தேடுகிறவருக்கு ஒரு கணக்கே இல்லை, அவர் வருகிற நேரத்தில் அது அங்கே இருந்தால் அவ்வளவுதான். தீபாவளிச் சந்தையும் அப்படித்தான். அக்டோபர் 15 உலக வெள்ளைத் தடி தினம். பெரும்பாலும் அதே வாரங்களில்தான் எங்கள் தெருவில் கூடாரக் கம்பிகளை நடத் தொடங்குகிறார்கள். முறுக்கு வாசமும் பாட்டும் கூட்டமும் எனக்கும் பிடிக்கும், அந்த மாதம் முழுக்க வீட்டில் இருக்கவே தோன்றாது. அங்கிள் அந்த மாதத்தில் பாதி நாள் கடைக்கு வருவதில்லை. ஒரே நேரத்தில் நூறு பாட்டுப் பெட்டிகள் பாடினால் அவருக்கு ஊர் முழுக்க இருட்டு. வருமானம் அதிகம் வர வேண்டிய மாதம் அது, ஊருக்குப் போகிறவர்கள் முதுகைப் பிடித்துவிட்டுப் போக வரிசையில் நிற்பார்கள்.

இப்போது எங்கள் அடுக்குமாடியிலிருந்து ஒரு கடிதம் தயாராகிறது. முதல் கோரிக்கையில் எல்லோரும் ஒன்று: மஞ்சள் கோட்டின் மேல் மோட்டார் நிறுத்தினால் சம்மன். இரண்டாவதில்தான் இழுபறி. ஏற்கெனவே பல வருஷமாக ஒரே இடத்தில் இருக்கும் சிறு கடைகளுக்குத் தூணை ஒட்டி இரண்டடி அகலத்தில் வெள்ளைக் கோடு போட்டு, உரிமம் கொடுத்து, அங்கேயே இருக்கச் சொல்ல வேண்டும். அந்த இடத்தை மாற்றினால் அபராதம். திருப்பம் வரும் மூலைகளில் வட்டக் குமிழ்க் கல் பதிக்க வேண்டும். மூன்றாவதாக, சந்தைக் கூடாரங்களுக்கான வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் பார்வையற்றவர்களையும் சக்கர நாற்காலியில் போகிறவர்களையும் கூட்டிக்கொண்டு தெருவில் ஒருமுறை நடக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று குழுவில் சிலர் எழுதுகிறார்கள். கேட்கட்டுமே. அளந்து பார்ப்போம், மூன்றடி மிச்சம் இருந்தால் கொடுப்போம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்வோம். கையெழுத்துப் போடாமல் இருப்பவர்களின் வீடுகளுக்கு இந்த வாரக் கடைசியில் சக்கர நாற்காலி அக்காவும் நானும் போகிறோம். அங்கிளும் வருகிறேன் என்றிருக்கிறார், மூன்றாவது கோரிக்கையைத் தானே பேச வேண்டுமாம்.